கற்பூரத்துக்கு நின்ற லாரிகள்

திருவண்ணாமலையில் அர்ச்சகர்களைவிட அதிகமாகக் கற்பூரம் கொளுத்தியவர் ஒருவர் உண்டென்றால், அது சாமியே இல்லை என்று சாதித்த எங்கள் தெரு ரேடியோக்காரர்தான்.

ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். சித்திரை வெயிலிலும் கருப்புச் சட்டைதான். கோபுரம் கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். ஒன்பது கோபுரம் உள்ள ஊரில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதாவது ஒன்று எட்டிப் பார்க்கும். "இந்தப் பக்கமுமாய்யா!" என்று சலித்துக்கொண்டு மறுபடி திருப்புவார்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவுக்கு லாரிச் சனி பிடித்துக்கொண்டது. நெல் மூட்டையும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையும் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போகும் லாரிகள், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் பார்த்துத்தான் நுழையும். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. ஒருநாள் காலை ரிவர்ஸில் வந்த லாரியிடமிருந்து அவளைப் பையோடு இழுத்துப் போட்டவர் ரேடியோக்காரர். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. கைநழுவி விழுந்த டிபன் பாக்ஸ்தான் அப்பளமாகிவிட்டது. தாலுகா ஆபீசிலிருந்து ஓடிவந்த என் கையில் அந்தத் தகட்டைக் கொடுத்தார்கள். இப்போது அவள் ஹைஸ்கூலில் படிக்கிறாள். இன்றும் லாரி ஹாரன் கேட்டால் வாசலுக்கு ஓடிவிடுகிறேன்.

அன்று முதல் ரேடியோக்காரர் லாரிகளோடு சண்டைக்கு இறங்கினார். சிவப்புத் துணியை ஆட்டினார். ஏதோ கட்சி ஊர்வலம் என்று நினைத்து டிரைவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். குறுக்கே படுத்தார். "காலைலயேவா?" என்று கேட்டுவிட்டு ஒரு கிளீனர் அவரைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

பிறகு ஒருநாள், புதுக் கடை திறந்த ஒருவர் வாசலில் பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றிச் சுற்றினார். வந்த லாரி தானாகவே நின்றது. டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அணையும்வரை காத்திருந்து போனார். ரேடியோக்காரர் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நடுத்தெருவில் கற்பூரம் எரிந்தது. பக்கத்தில் கருப்புச் சட்டை.

"யோவ், இன்னாய்யா இது?" என்றார் டிரைவர்.

"எரியுது. தெரியல? தைரியம் இருந்தா ஏத்திட்டுப் போ."

எந்த டிரைவர் ஏற்றுவார்? செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். "விபூதி இல்லீங்களா சாமி?"

"யாரைய்யா சாமின்ற? நான் ரேடியோ ரிப்பேரு!"

அதற்குள் பிள்ளைகள் தெருவைத் தாண்டிவிட்டார்கள். மழை நாளில் பிள்ளைகள் குடையோடு மெதுவாக நடப்பார்கள் என்று பெரிய கட்டியாக வைப்பார். கட்சித் தோழர்கள் முறைத்தால், "இது கற்பூரம் இல்ல தோழர், சிக்னல்" என்பார்.

லாரிகள் வரிசையாக நிற்கவே மண்டிக்காரர்கள் கொதித்தார்கள். விவகாரம் நகராட்சிக் கூட்டத்துக்குப் போனது. பள்ளி நேரத்தில் லாரியை ஊருக்குள் விடுவதா வேண்டாமா என்று பேச்சு. பெற்றோர் சார்பில் நான் பேச வேண்டும். படித்தவள், ஆபீசில் வேலை பார்ப்பவள் என்று என்னை எழுப்பிவிட்டார்கள்.

மண்டிக்காரர் முந்திக்கொண்டார். "லாரி வரலன்னா அரிசி பறந்தா வரும்? ஏம்மா, உம் பொண்ணு ரோட்டுல போறப்ப நீ எங்க இருந்த? புள்ளையப் பாத்துக்கத் தெரியாது, லாரியக் குத்தம் சொல்ல வந்துட்டே!"

எனக்கு நாக்கு எழவில்லை. பிடித்திருந்த நாற்காலி என் நடுக்கத்தில் கடகடவென்று ஆடியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவ்வளவு பேர் நடுவில் அழுதுவிட்டேன். இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

மண்டிக்காரர் தொடர்ந்தார். "இந்தப் பொம்பளைங்களே இப்படித்தான்..."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. மேசையில், அவர் மூக்குக்கு நேரே, ஒரு கட்டிக் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மண்டிக்காரரின் கைகள் தாமாகக் குவிந்தன. தலைவர் மேசைக்கடியில் செருப்பைத் தேடிக் கழற்றினார். மன்றமே எழுந்து நின்றது. சிரித்த ஆள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டு, ரேடியோக்காரர் மண்டிக்காரரைப் பார்த்துக் கைகூப்பினார். "இவ்ளோ நேரந்தாண்ணே, புள்ளைங்க ரோடு தாண்ட. இதக் குடுங்கண்ணே. போதும்."

எரியும் கற்பூரத்தின் எதிரில் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பள்ளி திறக்கும்போதும் விடும்போதும் லாரி நுழையக் கூடாது என்று தீர்மானம் ஆனது.

வெளியே தோழர்கள் காத்திருந்தார்கள்.

"கற்பூரத்துக்கு முன்னால கும்பிட்டியா இல்லியா?"

"அந்த மண்டிக்காரனத்தான்யா கும்பிட்டேன்!"

"அது இன்னும் கேவலம்!"

அதோடு அவர்கள் அவர் கடைப்பக்கம் வருவதில்லை. பக்தர்கள் வந்தார்கள், அது அதைவிடக் கொடுமை. ஒருவர் மாலையோடு வந்து, மனம் திருந்தியதற்கு வாழ்த்துச் சொன்னார். ரேடியோக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நன்றி சொல்லப் போன எனக்கும் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் வாய் திறந்திருந்தால் அவர் அந்தக் கையைக் குவித்திருக்க வேண்டியதில்லை.

"என்னாலதானே உங்களுக்கு இந்த அவமானம்?" என்றேன்.

"புள்ளைங்க உசுருக்கு முன்னால அதெல்லாம் கம்மிதாம்மா. போங்க, பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துடும்."

தீபத்தன்று மலையைப் பார்த்து நிற்கும்போது மகளுக்காக வேண்டிக்கொள்கிறேன், வீட்டுக்காரருக்காக வேண்டிக்கொள்கிறேன், அந்த மண்டிக்காரருக்காகக்கூட ஒரு வருஷம் வேண்டிக்கொண்டேன். ரேடியோக்காரர் பெயர் தொண்டைவரை வரும், விழுங்கிவிடுவேன். தெரிந்தால் கோபித்துக்கொள்வார்.