நாற்பது நாற்காலிச் சபை

அன்புக்கும் அதட்டலுக்கும் உரிய மருமகனுக்கு, கடல் கடந்து ஊழியம் செய்கிற உன் மாமா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நானும், எனக்குக் கொடுத்திருக்கிற இரும்புக் கட்டிலும், என் வலது முழங்காலும் இங்கே சுகம். இடது முழங்காலை ஜெபக்குறிப்பில் தனியாகப் போடவும். நீயும், உன் அம்மாவாகிய என் அக்காவும், இந்த ஊழியத்தைத் தாங்குகிற குடும்பங்களும் அங்கே சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நீ அனுப்பிய படிவம் கிடைத்தது. ஊழியக் குழுவுக்குச் செயலாளர் ஆனதும் சொந்தத் தாய்மாமனுக்கே படிவம் அனுப்புகிறாய். இருக்கட்டும், உன்னை சைக்கிள் பாரில் வைத்து ஞாயிறு பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவன் யார் என்று குழுவுக்கு நான் சொல்லப்போவதில்லை. மூன்று வருஷம் முடிகிறது, இன்னும் மூன்று வருஷம் இருக்கிறீர்களா, ஊர் திரும்புகிறீர்களா, ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போடுங்கள் என்று கேட்டிருக்கிறாய். இதெல்லாம் ஒரு கேள்வியா? நாற்பது ஆத்துமாக்களை நட்டாற்றில் விட்டுவிட்டு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் அடுக்குமா? நான் தும்மினால் இங்கே நாற்பது பேர் கைக்குட்டை நீட்டுகிறார்கள். இந்த ஊர்ப் பாஷையை எட்டே மாதத்தில் கரைத்துக் குடித்துவிட்டேன். நான் வாயைத் திறந்தால் இந்த ஊர்க்காரர்களே திகைத்துப்போய் நிற்கிறார்கள்.

ஆரம்பத்தில் கஷ்டம்தான், மறைக்கவில்லை. குழு வாடகைக்கு எடுத்துக் கொடுத்த மாடி ஹாலில் நாற்பது மடக்கு நாற்காலிகளையும் ஒவ்வொரு ஞாயிறும் நானே விரித்துப் போட்டு, நூல் பிடித்த மாதிரி வரிசை பார்த்து, ஒருவரும் வராமல், நானே திரும்ப மடக்கி வைப்பேன். நாற்காலி போடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது, அது எனக்கு மட்டும்தான் பிடிபடும், வேறு யாரையும் தொட விடுவதில்லை. அப்புறம்தான் எழுப்புதல் வந்தது. ஒரு ஞாயிறு பத்துப் பேர், அடுத்த ஞாயிறு இருபது, பிறகு ஹாலே நிறைந்துவிட்டது. அதே மாதம் கீழ்த்தளத்தில், அவரவர் துணியை அவரவரே இயந்திரத்தில் போட்டுத் துவைத்துக்கொள்ளும் கடை ஒன்று திறந்தார்கள். அங்கே உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது என்பது உண்மை. எங்கள் ஹாலில் ஹீட்டர் உண்டு என்பதும் உண்மை. ஆனால் அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

குழு அச்சடிக்கிற ஊழியச் செய்தி மடலில் போன தடவை நீ கொட்டை எழுத்தில் போட்டாயே, ஜெபத்தின் நடுவே சபை முழுவதும் ஒருசேர எழுந்து நின்றது என்று, அது வரிக்கு வரி உண்மை. கீழே இயந்திரத்தின் மணி அடித்ததும் எழுந்தார்கள், நின்றார்கள், போனார்கள். போனதை நான் எழுதவில்லை, மடலில் இடம் போதாது என்று நீதானே சொன்னாய். மடலுக்கு நான் அனுப்பிய சபைப் படத்தில் எல்லார் மடியிலும் ஏன் மூட்டை இருக்கிறது என்று குழுவில் ஒரு மகராசன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கேட்டாராம். மனபாரத்தோடு வருகிறவர்கள் வெறுங்கையோடா வருவார்கள் என்று சொல். ஒருநாள் முன் வரிசை நர்ஸம்மா, நான் உச்சக்கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு முழங்கும்போது, “ஐயா, இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்? கீழ என் யூனிஃபார்ம் சுத்திக்கிட்டிருக்கு” என்றார். அன்றிலிருந்து என் ஒன்றேகால் மணி நேரப் பிரசங்கத்தை முப்பத்தெட்டு நிமிஷமாகச் சுருக்கிவிட்டேன். இயந்திரம் ஓடி முடிய அவ்வளவு நேரம்தான். இந்த ஞானம் எத்தனை போதகர்களுக்கு வரும்?

மணி அடித்தாலும் எழுந்திருக்காமல் கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பேச்சுக் குறைவு. துணி எங்கே என்று கேட்டேன், வீட்டிலேயே துவைத்துக்கொள்வாராம். அப்படியென்றால் எதற்கு வருகிறார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வேறு போக்கிடம் இல்லை போலிருக்கிறது, பாவம். சீக்கிரம் வந்து வாசலில் குளிரில் நிற்கிறாரே என்று ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். என் சபையைக் கணக்கிடும்போது அவரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எனக்குத் தனிமை என்று யாராவது சொன்னால் நம்பாதே. என் அறை இரண்டு தெரு தள்ளி. வருகிற விருந்தாளிக்கென்று இரண்டாவது தம்ளர் வாங்கினேன், விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை, அவ்வளவு புதுசாக வைத்திருக்கிறேன். பக்கத்து அறைக்காரர் தினமும் ஏழு மணிக்கு இருமுவார். நானும் பதிலுக்கு இருமுவேன். பழக்கம் அந்த அளவுக்கு நெருக்கம். ஆகையால், மூன்று வருஷம் நீட்டிப்பு. நாற்பது பேருக்காக.

உனக்கும் உன் வீட்டாருக்கும், படிவம் அச்சடித்தவருக்கும்கூட ஒரு குறையும் வராமல் ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக. அக்காவுக்கு என் வந்தனம்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: மேலே இருப்பதில் எதையும் மடலில் போடாதே. கீழே இருந்த கடையை மூடி ஏழு வாரமாகிறது. முதல் ஞாயிறு நாலு பேர் மூட்டையோடு வந்து கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாடி ஜன்னலிலிருந்து கையாட்டினேன். நர்ஸம்மா மட்டும் திருப்பி ஆட்டினார். அதற்கப்புறம் டிரைவர்தான். போன சனிக்கிழமை, ‘திரும்புகிறேன்’ என்ற கட்டத்தில்தான் முதலில் டிக் போட்டேன். கடைசியாக ஒரு ஆராதனை நடத்திவிட்டு மறுநாள் தபாலில் சேர்ப்பதாக இருந்தேன். ஞாயிறு காலை முழங்கால் மடங்க மறுத்ததால் நேரமாகிவிட்டது. படியேறிப் போனால் ஹீட்டர் எரிகிறது, டிரைவர் வியர்த்துப்போய் நிற்கிறார், நாற்பது நாற்காலியும் விரித்துக் கிடக்கிறது. நம் ரெண்டு பேருக்கு எதற்கய்யா நாற்பது என்றேன். அவர் பாஷையில் சொன்னதை நம் பாஷையில் எழுதுகிறேன்: “நீங்க எப்பவும் நாப்பதுதானே போடுவீங்க. உக்காந்துக்கிட்டே பேசுங்க, கால் வலிக்கும்.”

வரிசை ஒரே கோணல். நான் சரிப்படுத்தவில்லை. அன்றைக்கு ஒன்றேகால் மணி நேரம் பேசினேன், மணியும் அடிக்கவில்லை, யாரும் எழுந்து போகவுமில்லை. படிவத்தில் அடித்துத் திருத்தியிருக்கும். குழு கேட்டால் பேனா கசிந்தது என்று சொல். அக்காவை ரெண்டு வரி எழுதச் சொல். ஊழியத்தைப் பற்றி ஒன்றும் விசாரிக்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.