தராசண்ணையின் இரண்டு கிலோ

பாரிஸ் நகரத்தில் பொருளாதாரம் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் எனக்கு வழிகாட்டிய பேராசிரியர். இன்னொருவர் ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் தெருவில், ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியை நிறுத்துக் கொடுத்தவர். இதில் பேராசிரியர் பெயரை நான் சேர்ப்பது ஒரு மரியாதைக்காகத்தான். இரண்டாமவர் அவரைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. தெருவே 'தராசண்ணை' என்று கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். மே மாத வெயிலிலும் கம்பளித் தொப்பி போட்டிருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் தச்சர்கள் வைத்திருக்கிற இரும்பு அளவு டேப் இருக்கும். எங்கே போனாலும் அதை இழுத்துத் தரையை அளப்பார். சாப்பாட்டுக் கடையில் தோசை வருவதற்குள் மேசைக்கடியில் குனிந்து அளந்துவிடுவார். ஒருமுறை இரண்டாம் நம்பர் மெத்ரோ ரயிலில் பெட்டியின் மூலையை அளந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பயந்துபோய் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். "எதுக்குண்ணே இது?" என்றால், "சும்மா, ஒரு கணக்கு" என்பார்.

நான் திருச்சிக்காரன். பேராசிரியர் எனக்குக் கொடுத்த தலைப்பு, பாரிஸில் குடியேறிய நைஜீரியர், மொரோக்கர் ஆகிய இரு சமூகங்களின் பொருளாதார நிலை, ஓர் ஒப்பீடு. திருச்சிக்காரனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் என் மாமா கேட்டார். சம்பந்தம் இல்லாதவன்தான் பாரபட்சம் இல்லாமல் எழுதுவான் என்பது பேராசிரியரின் நம்பிக்கை. பாரபட்சம் இல்லாதவனுக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை.

நாற்பத்தாறு கேள்விகளோடு நான் தெருத்தெருவாக அலைந்தேன். பார்பெஸ் சந்தையில் காய்கறி விற்கும் மொரோக்கர் ஹசன், என் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, புதினா டீ கொடுத்து, "நீ வரி ஆபீஸ் ஆளா?" என்று அன்பாக விசாரித்தார். முடி பின்னும் கடையில் வேலை செய்த நைஜீரியப் பெண்மணி பேஷன்ஸ், 'தங்கள் மாத வருமானம் போதுமானதா?' என்ற கேள்வியைப் படித்ததும் என் தலையில் கையை வைத்து எனக்காகச் சத்தமாக ஜெபம் செய்தார். என் முகத்தைப் பார்த்து, வருமானம் போதாதது யாருக்கு என்று அவர் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்.

அலுத்துப்போய் ஒருநாள் ரூ காயில் மழைக்கு ஒதுங்கிய இடம்தான் தராசண்ணையின் கடை. பார்சல் அனுப்பும் கடை. நடுவில் ஒரு பெரிய மேடைத் தராசு. அங்கே பெட்டி நிறுக்க ஹசன் வரிசையில் நிற்கிறார், பின்னால் பேஷன்ஸ் நிற்கிறார்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிறுப்பது இலவசம். ஆனால் தராசில் பெட்டியை ஏற்றியதும் அண்ணை இரண்டு கேள்வி கேட்பார், உள்ளே என்ன, யாருக்கு. நாற்பத்தாறு கேள்விக்கு வாய் திறக்காத சனம் இந்த இரண்டுக்கும் கதை கதையாகச் சொன்னது. அண்ணை பேஷன்ஸோடு இங்கிலீஷும் ஹசனோடு பிரெஞ்சும் பேசுவார். இரண்டும் ஒரே பாஷை மாதிரிதான் கேட்கும்.

அவர் என் கேள்வித்தாளை வாங்கிப் படித்தார். பிறகு அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தராசின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

"தம்பி, இப்பதான் உது ஒரு வேலைக்கு ஆகுது. நீர் உதிலை இரும். பெட்டி வரேக்கை காதைத் தீட்டிக்கொண்டு கேளும்."

இருந்தேன். எட்டு மாதம் இருந்தேன். என் பொருளாதாரப் படிப்பு அங்கேதான் ஆரம்பமானது. ஹசன் அவசரத்துக்கு விமானத்தில் போனாலும், வருடாவருடம் ஜூலையில் காரில் ஊருக்குப் போவார். கார் கூரைமேல் இன்னொரு கார் உயரத்துக்கு மூட்டை இருக்கும். ஒவ்வொரு வருடமும் அம்மாவுக்கு ஒரு பிரஷர் குக்கர் கொண்டுபோவார். அம்மாவிடம் ஏற்கெனவே ஏழு இருந்தன, ஆனால் குக்கர் இல்லாமல் போய் இறங்க அவருக்கு மனம் வராது. பேஷன்ஸ் டிசம்பரில் போவார். அண்ணையின் கணக்குப்படி, ஒரு வருடம் அவர் பெட்டியில் தண்ணீர்க் குழாய்கள், மறு வருடம் ஆறு கதவுகளுக்குக் கைப்பிடிகள், அதற்கடுத்த வருடம் திரைச்சீலைகள். லாகோஸில் அவருடைய வீடு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று மேஸ்திரியைவிட அண்ணைக்கு நன்றாகத் தெரியும்.

"அப்ப யாருண்ணே வசதி? ஒரே வரியில சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று கேட்டேன்.

"உம்மடை வாத்தியார் மாதிரிக் கேக்கிறீர். ஹசன்ரை தேப்பன் அந்தக் காலத்திலையே இஞ்சை பக்டரிக்கு வந்தவர். அவைக்கு இஞ்சை வீடு கிடக்கு, பென்சன் கிடக்கு, அலுவலகத்திலை அறிஞ்ச முகம் கிடக்கு. பேஷன்ஸ் நேற்று வந்தவ. ஒரு அறைக்குள்ளை நாலு பொம்பிளையள். ஆனா அங்கை மாடி வீடு எழும்புது. இஞ்சை நிண்டு கேட்டால் ஹசன் வசதி, அங்கை நிண்டு கேட்டால் பேஷன்ஸ் வசதி. நீர் எங்கை நிக்கிறீர்?"

"நான் உங்க கடையில நிக்கிறேண்ணே."

"அப்ப தள்ளி நில்லும், பெட்டி வருது."

'ஒரு ஹசனையும் ஒரு பேஷன்ஸையும் வைத்து இரண்டு சமூகங்களை எடைபோட முடியுமா?' என்று பேராசிரியர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். நியாயம்தான். அதனால் கடைக்கு வந்த எல்லா நைஜீரியர், மொரோக்கர் பெட்டிகளின் எடையையும் நாள்தோறும் எழுதி, அட்டவணை போட்டு, ஒரு தனி அத்தியாயமே கட்டி எழுப்பினேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை தாங்கவில்லை.

பிறகு விடுமுறைக்கு நானே திருச்சிக்குக் கிளம்பினேன். அண்ணையின் தராசில் சரியாக முப்பது கிலோ காட்டிய என் பெட்டி, விமான நிலையத்தில் இருபத்தெட்டு காட்டியது. நான் இறக்கச் சொன்னேன், ஏற்றச் சொன்னேன், மறுபடி பார்த்தேன். இருபத்தெட்டேதான். என் அத்தியாயம் கண்முன்னே சரிந்தது. ஊரில் ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பி வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ரூ காய்க்கு ஓடினேன்.

"அண்ணே, உங்க தராசு பொய் சொல்லுது!"

"ஓம். சொல்லும்."

"ரெண்டு கிலோ கூடக் காட்டுது!"

"நான்தானே அப்பிடிச் செற் பண்ணி வைச்சனான்."

அவர் கம்பளித் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். பாரிஸுக்கு வந்த புதிதில் அவர் விமான நிலையத்தில் தரை துடைத்தவர்.

"எடை கூடினால் சனம் அதிலை, நிலத்திலை, பெட்டியைத் திறந்து போட்டுச் சாமானை வெளியிலை எடுக்கும் தம்பி. எல்லாரும் பாத்துக்கொண்டு நிப்பினம். பேந்து நான்தான் குப்பைத் தொட்டியைக் கழுவுறது. ஆர் என்னத்தை விட்டிட்டுப் போறதெண்டு எனக்குத் தெரியும். நைஜீரியாக்காரியும் தன்ரை உடுப்பைத்தான் விட்டிட்டுப் போறா. மொரோக்கோக்காரனும் தன்ரை உடுப்பைத்தான் விட்டிட்டுப் போறான். பிள்ளைக்குக் காலிலை போட வாங்கின சப்பாத்தையோ தாயின்ரை குக்கரையோ ஒருத்தரும் விட்டதை நான் காணேல்லை. என்ரை கடையிலை நிறுத்த சனம் அங்கை போய்ப் பெட்டி திறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

நானோ ஆராய்ச்சிக்காரன் அல்லவா, "அப்ப என் எட்டு மாச அட்டவணை?" என்றேன்.

"எல்லாருக்கும் தானே ரெண்டு கூடினது? ரெண்டு பக்கமும் ரெண்டு கூடினால் வித்தியாசம் மாறுமோ?"

மாறாது. பேராசிரியரும் பிறகு அதையேதான் சொன்னார், அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது.

அன்றைக்குத்தான் அளவு டேப்பின் கதையும் வெளியே வந்தது. அண்ணைக்கு ஒரு மனைவி, ராணி. ஊரில் இருந்தார். அவரை இங்கே கூப்பிட அண்ணை போட்ட விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேர் இருக்க அவருடைய அறையில் இரண்டு சதுர மீட்டர் குறைகிறதாம். அந்தக் கடிதத்தை நாலு வருடமாகத் தொப்பிக்குள் வைத்திருந்தார். இரண்டு சதுர மீட்டர் என்றால் எவ்வளவு என்று பார்க்கத்தான் போகிற இடமெல்லாம் அளந்திருக்கிறார்.

"ஒரு மேசையும் ரெண்டு கதிரையும் போடுற இடம் தம்பி. உந்தத் தோசைக் கடையிலை மூலைக்கு மூலை கிடக்கு. எனக்குத்தான் இல்லை."

ஊருக்கெல்லாம் இரண்டு கிலோ இடத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த மனிதருக்கு உலகத்தில் இரண்டு சதுர மீட்டர் கிடைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹசனிடமும் பேஷன்ஸிடமும் போட்டு உடைத்துவிட்டேன். அண்ணை என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அந்த ஒரு வாரம் போதுமாக இருந்தது. ஹசனின் சித்தப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்று மொரோக்கோவுக்கே போகிறார், பாரிஸுக்கு வெளியே எபினே-சூர்-செய்னில் அவர் இருந்த வாடகை வீடு காலியாகிறது. வீட்டுக்காரரிடம் ஹசன் போய், இந்த மனிதரை நம்பலாம் என்று பேசினார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பேஷன்ஸின் சபையிலிருந்து நாலு சகோதரர்கள் பாட்டோடு வந்தார்கள். பாட்டு நின்றால் தூரிகையும் நின்றுவிடும் என்பதால் நாள் முழுக்கப் பாடினார்கள். குக்கர் ஏற வேண்டிய ஹசனின் கார் கூரையில் அண்ணையின் கட்டில் ஏறியது. மறுபடி போட்ட விண்ணப்பத்துக்காக அளக்க அதிகாரி வந்தபோது அண்ணை தன் டேப்பைப் பணிவோடு நீட்டினார். அதிகாரி அதைத் தொடாமல், லேசர் கருவியால் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளியை அடித்து ஒரு நொடியில் அளந்துவிட்டார். வேண்டியதைவிட ஒன்பது சதுர மீட்டர் அதிகம். "ஒம்பதை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்று அண்ணை அன்று முழுக்கக் கவலைப்பட்டார்.

ராணி அக்கா வந்து இறங்கிய நாளில் எல்லோரும் விமான நிலையத்துக்குப் போனோம். அக்கா மெலிந்த, அமைதியான பெண். ஒரு கம்பளிச் சட்டை, ஒரு சேலை, ஒரு பெட்டி. அண்ணை பழக்க தோஷத்தில் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "முப்பது" என்று மட்டும் சொன்னார்.

எபினே வீட்டில் அக்கா பெட்டியைத் திறந்தார். அரைத்த மிளகாய்த்தூள், பனங்கட்டி, புழுக்கொடியல் என்கிற காய்ந்த பனங்கிழங்கு, மோர்மிளகாய், அண்ணைக்கு ஆறு சட்டை, நாலு லுங்கி. தனக்கென்று ஒன்றுமே இல்லை.

"உன்ரை உடுப்பு எங்கை?" என்று அண்ணை கேட்டார்.

"அங்கை ஏர்போட்டிலை ரெண்டு கிலோ கூட எண்டு சொல்லிப்போட்டாங்களப்பா. என்ரை சீலையளை எடுத்து அக்கான்ரை கையிலை குடுத்திட்டன். இஞ்சை வாங்கலாம் தானே?"

அண்ணை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் இல்லாமல் அழுதார். நானும் அழுதேன், ஹசன் மூக்கைச் சிந்தினார். ஒரு வார்த்தைகூடத் தமிழ் தெரியாத பேஷன்ஸ், பெட்டிக்குள் ஒரே ஒருமுறை பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. தன் தோளில் கிடந்த பெரிய பூப்போட்ட சால்வையை எடுத்து அக்காவுக்குப் போர்த்தினார்.

"தம்பி," என்றார் அண்ணை. "உம்மடை அட்டவணையிலை நைஜீரியா, மொரோக்கோ எண்டு ரெண்டு வரி போட்டனீர். கீழை எங்களையும் எழுதும்."

எழுதினேன். தலைப்புக்கு வெளியே போகிறது என்று பேராசிரியர் அந்த வரியை அடித்துவிட்டார்.

நான் சென்னைக்கு வந்து வருடங்கள் ஓடிவிட்டன. போன வருடம் ஒரு கருத்தரங்குக்காகப் பாரிஸ் போனபோது, பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேரே ரூ காய்க்குத்தான் ஓடினேன். கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். அண்ணையும் அக்காவும் தெற்கே எங்கேயோ கடற்கரைப் பக்கம் போய்விட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். பழைய எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன், யாரோ ஒரு பெண் பிரெஞ்சில் கோபித்துக்கொண்டாள். தராசு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கடைக்காரப் பெண் உறை வேண்டுமா என்று மூன்றுமுறை கேட்டதால் ஒன்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அது என் கைப்பேசிக்குப் பொருந்தவில்லை.

எந்த ஊருக்குப் போனாலும் விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் ஏற்றியதும் அந்தப் பெண்கள் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். "சார், உங்களுக்கு இன்னும் ரெண்டு கிலோ பாக்கி இருக்கு, ஏதாவது வைக்கணும்னா வைக்கலாம்."

"இருக்கட்டும்மா," என்கிறேன். "அது எங்க அண்ணனோடது."