நரியும் ஓடாத வைப்பரும்

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. வேறு யாரும் இல்லை, நான்தான். என் கதையை அடுத்தவர் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

கதைப் புத்தகம் எழுதுகிறவர்கள் எல்லாரும் நரி என்றால் தந்திரசாலி என்று எழுதிவைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தராவது என் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தால் அந்த வரியை அடித்திருப்பார்கள். என் மனைவி தமயந்தி பதினெட்டு வருஷமாகக் கூடவே இருந்து பார்க்கிறாள். அவள் ஒரு நாளும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

என்னிடம் ஒரு கார் இருந்தது. வாங்கும்போது வெள்ளை. இப்போது பதினாறு வயது. கதவைச் சாத்த ஒரு பக்குவம் வேண்டும், டிக்கியைத் திறக்க இரண்டு பேர் வேண்டும், ஹாரன் மட்டும் யாரும் கேட்காமலே அடிக்கும். நரிக்கு எதற்குக் கார் என்று கேட்காதீர்கள். நரி பேசுகிறதே, அதைக் கேட்டீர்களா?

தமயந்தி பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பரீட்சை எழுதினாள். மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கு. ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்களே, அந்த வேலை. எழுதி, பாஸாகி, யாரோ வழக்குப் போட்டு, நீதிபதி ஓய்வு பெற்று, புது நீதிபதி வந்து, கடைசியில் இந்த ஐப்பசியில் தபாலில் உத்தரவு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேல்காட்டு அலுவலகத்தில் பன்னிரண்டாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர் ஒரு காட்டுப்பூனை. அது மேல்காட்டிலேயே வீடு பிடித்துத் தங்கியிருப்பதாகக் கேள்வி.

தமயந்தி உத்தரவை மூன்று தடவை படித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "பதினோரு வருஷங்க" என்றாள். எனக்கும் அழுகை வந்தது. அந்த நெகிழ்ச்சியில்தான் நான் வாயை விட்டேன்.

"காலைல ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சுடறேன்" என்றாள். "மலைக்கு அது ஒண்ணுதான். ஒன்பதரைக்கெல்லாம் போயிடும்."

"பஸ்ஸா? பிரேக் இன்ஸ்பெக்டர் பஸ்ல போய் இறங்கினா நல்லாவா இருக்கும்? நம்ம கார்ல போறோம். ராணி மாதிரி போய் இறங்கறே."

"மழைக்காலம்ங்க. வைப்பர் ஓடுதா?"

"அதெல்லாம் பிரமாதமா ஓடும்."

நான் போட்டுப் பார்க்கவில்லை. அன்றுவரை நல்ல வெயில். வெயிலில் வைப்பர் போட்டுப் பார்க்கிறவனைக் காட்டில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

பன்னிரண்டாம் தேதி காலை ஆறு மணி பஸ் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. நான் வாசலில் நின்று அதற்குக் கையாட்டினேன். ஏழு மணிக்குக் காரில் ஏறினோம். தமயந்தி மாம்பழக் கலரில் புதுப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். பிள்ளையாரை வேண்டிக்கொண்டு சாவியைத் திருப்பினேன். வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. வைப்பர் சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை போட்டேன். ஹாரன் அடித்தது.

இறங்கிப்போய் பானெட்டைத் திறந்தேன். பானெட் திறப்பதில் எனக்கு நல்ல அனுபவம். திறப்பேன், இடுப்பில் கை வைப்பேன், உள்ளே பார்ப்பேன், "ம்ம்" என்பேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த "ம்ம்"மை வைத்தே பல வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

தமயந்தி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "ஏகாம்பரத்தைக் கூப்பிடட்டுமா?"

"எலிகிட்ட எல்லாம் போய் நிக்கணுமா? நானே பார்த்துக்கறேன்." வைப்பர் கைகள் இரண்டையும் பிடித்து மேலும் கீழும் பலமாகத் திருகினேன். கையால் ஓட்டிவிட்டால் சூடு பிடித்துத் தானே ஓடும் என்று ஒரு நம்பிக்கை. உள்ளேயிருந்து 'கிர்ரக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதைத் தமயந்தியும் கேட்டாள். உடனே போனை எடுத்து ஏகாம்பரத்தைக் கூப்பிட்டாள்.

ஏகாம்பரம் எங்கள் காட்டு மெக்கானிக். எலி. ஒயர் விஷயத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. காட்டில் இருக்கிற கார்களின் ஒயரில் பாதியைத் தின்றது அவன் சொந்தக்காரர்கள், மீதியைச் சரிசெய்தது அவன். எட்டு மணிக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தான்.

"பியூஸ் போயிருக்குண்ணே" என்றான்.

"அவ்வளவுதானே! நான் சொல்லலே?" என்றேன். நான் சொல்லவில்லை.

புது பியூஸ் போட்டான். சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று அதுவும் போனது. "பியூஸ் சும்மா போகாதுண்ணே. உள்ளே எதையோ இழுக்க முடியாம மோட்டார் திணறுது" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு அடியில் இருக்கிற சல்லடையைக் கழற்றி உள்ளே புகுந்தான். கொஞ்ச நேரம் வால் மட்டும் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காய்ந்த செவ்வந்திப் பூ ஒரு கை. வாழைக்கன்றின் தண்டு ஒரு முழம். கறுத்துப்போன எலுமிச்சம்பழம் ஒன்று. கடைசியாக முறுக்கேறிய மாலை நார்.

"ஆயுத பூஜைக்கு மாலையை எதுல கட்டினீங்க?"

"வைப்பர்லதான். வேற எதுல கட்டுவாங்க?"

"கட்டினது சரிண்ணே. அவிழ்க்கலையா?"

நான் அவிழ்க்கவில்லை. சாமிக்குப் போட்ட மாலையை நம் கையால் பிய்த்துப் போடக்கூடாது, காய்ந்து தானாக விழட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவும் தானாகத்தான் விழுந்திருக்கிறது. உள்ளே விழுந்து, வைப்பரை ஆட்டுகிற கம்பிகளில் நன்றாகச் சுற்றிக்கொண்டது. பக்திக்கும் சோம்பேறித்தனத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததே இல்லை.

ஏகாம்பரம் நாரைப் பல்லால் கடித்தே அறுத்தான். பியூஸ் மாற்றினான். வைப்பர் மெதுவாக எழுந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது. நான் கைதட்டினேன். அவன் தட்டவில்லை.

"அண்ணி, வைப்பர் கையைப் பிடிச்சிருக்கிற இடத்துல உள்பல்லு தேஞ்சிருக்கு. யாரோ முரட்டுத்தனமா திருகியிருக்காங்க."

தமயந்தி என்னைப் பார்த்தாள். நான் மேகத்தைப் பார்த்தேன்.

"மேல்காடு வரை தாங்குமா தம்பி?" என்று கேட்டாள்.

"மெதுவா ஓடவிட்டா தாங்கும். வேகமா மட்டும் போட்டுடாதீங்க. புதுசு மாத்தலாம், ஆனா கடை திறக்கப் பத்து மணி ஆகும்."

அப்போதே மணி ஒன்பது. காத்திருக்க நேரமில்லை. கிளம்பிவிட்டோம்.

மலை ஏற ஏற மழை கூடியது. மெதுவாக ஆடுகிற வைப்பர் போதவில்லை. ஏழாவது வளைவில் எதிரே ஒன்றுமே தெரியவில்லை. "வேகமா போடாதீங்க, வேகமா போடாதீங்க" என்று தமயந்தி சொல்லிக்கொண்டே வந்தாள். யாராவது ஒன்றைச் செய்யாதே என்றால் என் கை தானாக அங்கே போகும். போட்டேன். இரண்டு வைப்பரும் நாலு தடவை வெறிபிடித்து ஆடிவிட்டுக் கண்ணாடிக்கு அடியில் படுத்துக்கொண்டன. மோட்டார் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பல் முழுக்கத் தேய்ந்துவிட்டது. மணி பத்தரை.

ஓரமாக நிறுத்தினேன். இப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். கண்ணாடியில் ஷாம்பு தேய்த்தால் தண்ணீர் நிற்காது என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். தமயந்தியின் பையில் இருந்த இரண்டு பாக்கெட்டையும் பிய்த்துத் தேய்த்தேன். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று கேட்காமல் விட்டிருக்கிறேன். கார் முழுக்க நுரை. முன்பு மழை தெரிந்தது, இப்போது அதுவும் தெரியவில்லை.

நனைந்து உள்ளே வந்து உட்கார்ந்தேன். "கொஞ்சம் பொறு தமயந்தி. மழை விடட்டும்."

"பதினோரு வருஷமா எதுக்காவது பொறுத்துட்டேதாங்க இருக்கேன்" என்றாள். குரல் உடைந்தது. "ஆறு மணி பஸ் வாசல்ல போச்சு. நீங்க கையாட்டினீங்க."

எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நரிக்கு அது முடியும்தான், வளை தோண்டத் தெரியும். ஆனால் தார் ரோடு.

அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. அங்கேயே தங்க வேண்டியிருக்கும் என்று கொண்டுவந்த துணிப்பையைத் திறந்தாள். இரண்டு பாவாடையை எடுத்து நாடாவை உருவினாள். இறங்கிப்போய் மழையில் நின்று ஒரு நாடாவை என் பக்கத்து வைப்பரிலும் இன்னொன்றை அவள் பக்கத்து வைப்பரிலும் கட்டினாள். இரண்டு வைப்பரையும் ஒன்றோடொன்று சேர்க்க என் சட்டைப் பைக்குள் கைவிட்டு என் கைக்குட்டையை எடுத்துக் கிழித்தாள். நாடாக்களின் நுனி ஆளுக்கொரு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"நான் இழுத்தா நீங்க விடுங்க. நீங்க இழுத்தா நான் விடறேன். புரியுதா?"

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினெட்டு வருஷ அனுபவம் இருந்தது. ஆனாலும் முதல் ஒரு மைல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தோம்.

என் வலது கையில் நாடா, இடது கையில் ஸ்டியரிங். கியர் போட எனக்குக் கையில்லை. அவள் போட்டாள். "இழுங்க. விடுங்க. கிளட்சை மிதிங்க. செகண்ட் போட்டாச்சு. இழுங்க! லாரி வருது, இடது பக்கம் ஒடிங்க!" யோசித்துப் பார்த்தால் நான் அந்தக் காரில் பாதம் மட்டும்தான். திறந்த ஜன்னல் வழியாக மழை உள்ளே அடித்தது. பட்டுச் சேலை தொப்பலாகிவிட்டது. தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த குரங்குகள் செல்போனில் எங்களைப் படம் எடுத்தன. ஒன்று, "அக்கா, நல்லா இழுங்க" என்று கத்தியது.

மேல்காட்டு அலுவலகத்தின் முன்னால் வண்டியை நிறுத்தும்போது மணி பதினொன்று ஐம்பத்தி இரண்டு. தமயந்தி கதவைத் திறந்து ஓடினாள். உள்ளே பெஞ்சில் காட்டுப்பூனை தலையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தலைமை எழுத்தர் ஓர் ஆமை. எல்லா வேலையையும் நிதானமாகச் செய்யும், வருகைப் பதிவேட்டை மூடுவதை மட்டும் மின்னலாகச் செய்யும். பாதி மூடியிருந்த பதிவேட்டுக்குள் தமயந்தி கையை விட்டாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கையெழுத்துப் போட்டாள். பதினொன்று ஐம்பத்தாறு என்று ஆமை பக்கத்தில் நேரம் எழுதியது. காட்டுப்பூனை சீப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டது.

நான் வராந்தாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கைக்குட்டை இல்லாததால் வாலால் துடைத்தேன். என் முட்டாள்தனத்தால் போக இருந்த வேலை, போகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மூச்சு நன்றாக வந்தது.

கால் மணி கழித்துத் தமயந்தி வெளியே வந்தாள். பின்னால் ஆமை குடை பிடித்துக்கொண்டு, கக்கத்தில் வருகைப் பதிவேடும் கையில் ஒரு நீளமான நோட்டுமாக வந்தது. மழை விட்டிருந்தது. இருந்தாலும் குடை.

"வா வா, ஒரு டீ சாப்பிடலாம்" என்றேன்.

அவள் காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "வண்டி யாருது?"

நான் சிரித்தேன். ஆமை சிரிக்கவில்லை. "மேடம் கேக்கறாங்க இல்ல, பதில் சொல்லுங்க" என்றது.

"என்... என்னுதுதான்."

"ஆர்.சி. புக் எடுங்க. வைப்பர் ஓடுதா?"

"தமயந்தி, உனக்குத் தெரியாததா?"

"மேடம்னு சொல்லுங்க" என்றது ஆமை.

"எதால கட்டியிருக்கு?" என்று அவள் ஆமையைக் கேட்டாள்.

ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது. "நாடா, மேடம். பாவாடை நாடா."

"எழுதிக்குங்க."

"யாரோட நாடான்னும் எழுதச் சொல்லு" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அவள் காது லேசாகச் சிவந்தது. "அது விசாரணையில தெரியும்" என்றாள். "இந்த நிலைமையில மலைப்பாதையில ஓட்டிட்டு வந்திருக்கீங்க. எதிர்ல வர்றவங்க உயிருக்கு யாரு பதில் சொல்றது?"

"பக்கத்துல உட்கார்ந்து கியர் போட்டது யாரு? லாரி வருதுன்னு கத்தினது யாரு?"

"அப்ப நான் வேலையில சேரலை. பதினொண்ணு ஐம்பத்தாறுக்குத்தான் சேர்ந்தேன்."

ஆமை பதிவேட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டியது. சரியாகத்தான் இருந்தது.

வைப்பர் புதிதாக மாற்றிக் காட்டும்வரை கார் அலுவலக வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினார்கள். அவள் வேலையில் சேர்ந்து போட்ட முதல் உத்தரவு அது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கையெழுத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. வயிறும் எரிந்தது.

ஆமை திரும்பி நடக்க ஆரம்பித்ததும் தமயந்தி குரலைத் தாழ்த்தினாள். "திரும்பிப் போக நாலு மணிக்குப் பஸ் இருக்கு. ஜன்னல் ஓரம் உட்காராதீங்க, சாரல் அடிக்கும். குழம்பு பிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க." பிறகு ஆமையைத் தாண்டி வேகமாக உள்ளே போய்விட்டாள்.

நீதி: வேலையில் சேரப்போகும் அதிகாரியை நம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம், தப்பில்லை. ஆனால் அலுவலகத்துக்கு நூறு அடி முன்பாகவே இறக்கிவிட்டு, கட்டின மனைவியாகவே இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட வேண்டும்.