ஒன்றாம் வகுப்புப் பெரியவர்

ஒரு காட்டில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே, அஞ்சுகம் என்ற முள்ளம்பன்றி பெட்டிக்கடை வைத்திருந்தாள். புருஷன் இல்லை. மூன்று குட்டிகளும் அந்தக் கடையை நம்பித்தான் இருந்தன. கடலைமிட்டாய், வெற்றிலை, பீடி எல்லாம் விற்பாள். "தாத்தா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று சின்னஞ்சிறுசுகள் வந்து நின்றால், எந்தத் தாத்தா என்று கேட்டதில்லை.

அந்த வருஷம் சிங்கராஜா மனிதர்களின் ஊர்ப்பக்கம் போய்வந்தார். அங்கே ஒரு கடைவாசலில் தொங்கிய தகரப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். 'பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் புகையிலைப் பொருட்கள் விற்கப்படாது' என்று அதில் எழுதியிருந்தது. அதையே காட்டுக்கும் சட்டமாக்கினார்.

பலகையை அஞ்சுகத்தின் கடையில் மாட்டிவிட்டு நரி இன்ஸ்பெக்டர் சொன்னார்: "மீறி வித்தா கடைக்கு சீல்."

மறுநாள் முதல் ஆளாகக் கிழட்டு வெள்ளாடு சடையாண்டி வந்தார்.

"ஒரு கட்டு குடு தாயி."

"உங்களுக்கு என்ன வயசு பெரியப்பா?"

"பேரனுக்குப் பேரன் எடுத்தாச்சு. பதினொண்ணு இருக்கும்."

"பதினெட்டு ஆனப்புறம் வாங்க."

"பதினெட்டு வரைக்கும் எந்த ஆட்டை விட்டு வச்சிருக்காங்க?"

"அதுக்கு நான் என்ன பண்றது. எனக்குக் குட்டிங்க இருக்கு."

முயல், கீரி, ஓநாய், யாருக்கும் பதினெட்டு ஆகவில்லை. யானைக்கு ஆகியிருந்தது. ஆனால் பீடியை வாயில் வைத்தால் அது எங்கே போனதென்று தெரிவதில்லை என்பதால் யானை அந்தப் பழக்கத்தை முன்பே விட்டிருந்தது.

ஒன்றாம் வகுப்பில் மாசிலாமணி என்று ஓர் ஆமைக்குட்டி படித்தான். வயது இருபத்துமூன்று. ஆமைகளின் கணக்கில் அது ஸ்லேட்டைக் கடிக்கிற வயது. முட்டையைப் புதைத்ததோடு அம்மா போய்விட்டதால் வீட்டில் கேட்க ஆளில்லை. சடையாண்டி அவனைப் பள்ளிக்கூட வாசலில் மடக்கினார்.

"தம்பி, தாத்தாவுக்கு ஒரு கட்டு வாங்கிக் குடேன்."

"எனக்கு ஒண்ணு தருவீங்களா?"

"தர்றேன்."

சட்டப்படி அஞ்சுகத்தால் மறுக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் காட்டிலுள்ள கிழடுகள் எல்லாம் ஒன்றாம் வகுப்பு வாசலில் கைகட்டி நின்றன. வாங்கித் தந்த ஒவ்வொரு கட்டுக்கும் மாசிலாமணி ஒரு பீடி எடுத்துக்கொண்டான். அவனுக்கு இருமல் வந்துவிட்டது. எதிர்க் கடைவரை கேட்டது.

அஞ்சுகம் நரியிடம் போனாள்.

"சார், அது பச்சப்புள்ள. இருமியே செத்துடும் போலிருக்கு."

"வயசு?"

"இருபத்துமூணு."

"அப்ப குடிக்கட்டும்."

"உங்களுக்கு என்ன வயசு சார்?"

"அதிகாரிக்கு வயசு கிடையாது. கடையைப் போய்ப் பாரு."

மறுநாள் அவளே சடையாண்டியைக் கூப்பிட்டாள். "இந்தாங்க பெரியப்பா, நீங்களே வாங்கிக்கங்க. அந்தப் புள்ளைய விட்டுடுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். புதருக்குப் பின்னாலிருந்து நரி வந்தார்.

"பதினோரு வயசுப் பையனுக்கு பீடி வித்திருக்கே."

"சார், அந்த ஆளு தாடியைப் பாருங்க."

"சட்டத்துல தாடி இல்ல."

கடைக்கு சீல் விழுந்தது. அஞ்சுகம் மூன்று குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வேறு காட்டுக்குப் பிழைக்கப் போனாள்.

கடையை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். பதினெட்டு வயது முடிந்தவர், சட்டத்தை ஒருபோதும் மீறாதவர் என்று தேடினார்கள். யானை கடைக்குள் நுழையவில்லை. சாவியை மாசிலாமணியிடம் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவன் கடையைத் திறந்தான். வந்தவர்களை எல்லாம் வயது கேட்டான். பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டித் திருப்பி அனுப்பினான். ஒரு பீடிகூட விற்கவில்லை. சரக்கு மட்டும் மளமளவென்று குறைந்தது.

"சிறுவர்களுக்கு பீடி விற்பது காட்டில் அடியோடு நின்றுவிட்டது" என்று நரி அறிக்கை கொடுத்தார். சிங்கராஜா மகிழ்ந்து, கடைக்காரருக்கு மாலை போட நேரில் வந்தார். மாலைக்குக் கழுத்து வேண்டும். இருமலில் மாசிலாமணியின் தலை ஓட்டுக்குள் போயிருந்தது. அது வெளியே வரட்டும் என்று எல்லோரும் மரியாதையோடு காத்து நின்றார்கள்.

நீதி: சிறுவர்களுக்கு பீடி விற்பதைத் தடுக்க வேண்டுமானால் கடையையே அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். காசு கொடுக்காமல் குடித்தால் அது விற்பனையில் சேராது.