மாடி வீட்டு தேங்க்ஸ்

சேலையூரில் எங்கள் அடுக்ககத்தை மழை பயமுறுத்தியதில்லை, திருடன் பயமுறுத்தியதில்லை. மாடி வீட்டு தேங்க்ஸ் ஒருவர்தான் பயமுறுத்தியிருக்கிறார். ஆயுள் முழுக்க எக்ஸ்பிரஸ் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். புயலிலும் நடுங்காத என் கால், அவர் சமையலறையில் ஒரு பாத்திரம் உருண்டால் நடுங்கும்.

தேங்க்ஸ் என்பது நாங்கள் வைத்த பெயர். நாற்பது வயது, தனியாள். குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார். ஒருமுறை தவறான வகுப்பறைக்குள் நுழைந்து வணிகவியல் மாணவர்களுக்கு வெப்பத்தைப் பற்றி முழுப் பாடமும் எடுத்துவிட்டு வந்தார். "ஒருத்தன்கூட எழுந்து போகல சார், எவ்ளோ மரியாதையான பசங்க" என்று நெகிழ்ந்தார். இன்னொரு நாள் கறிவேப்பிலை வாங்கப் பக்கத்திலிருக்கும் கேம்ப் ரோடுக்கு ஸ்கூட்டரில் போனவர், கடலோரக் கோவளம் வரை போய் மீன் விற்பதை வேடிக்கை பார்த்துவிட்டு, கையில் வஞ்சிரத்தோடு பஸ்ஸில் திரும்பினார். ஸ்கூட்டர் கோவளத்திலேயே நின்றது. "பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சுது சார், தேங்க்ஸ் சொல்லணும்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கறிவேப்பிலை என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை.

இதுவரை சிரிக்கலாம். ஆனால் ஸ்கூட்டரையே மறந்துவிட்டு வரும் ஆள், என் தலைக்கு நேர் மேலே ஒரு கேஸ் சிலிண்டர் வைத்திருக்கிறார் என்று ஒருநாள் எனக்கு உறைத்தது. அன்றோடு போயிற்று நிம்மதி. காலையில் எழுந்ததும் படிக்கட்டில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பேன். "மோப்பம் பிடிச்சது போதும், உள்ள வாங்க, காபி ஆறுது" என்பாள் என் மனைவி.

கல்லூரிக்குக் கிளம்புமுன் அவர் ஒரு பூஜை செய்வார். "கேஸே, தேங்க்ஸ். குழாயே, தேங்க்ஸ். அயர்ன் பாக்ஸே, உனக்கும் தேங்க்ஸ்." தெருமுனை வரை கேட்கும் குரல். கடைசியில் பூட்டுக்கு ஒரு தேங்க்ஸ். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம், மேலே அடுப்பு எரிந்திருக்கிறது என்பது ஞாபகம் வந்து நான் படிக்கட்டுக்கு ஓடுவேன். நான் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் வேறு. ஒருநாள் படிக்கட்டில் மடக்கினேன்.

"கடவுளுக்கு நன்றி சொல்லுங்க சார், நியாயம். குழாய்க்கு எதுக்கு?"

அவர் கோபப்படவில்லை. தனக்கு ஏடிஹெச்டி இருக்கிறது, மனம் ஒரு வேலையில் நிற்காது, டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னதே சில வருடங்களுக்கு முன்புதான் என்றார். மாத்திரை சாப்பிடுகிறாராம். அதோடு இதுவும்.

"சின்ன வயசுலேர்ந்து திட்டு வாங்கியே வளர்ந்தேன் சார். மத்தவங்க நிறுத்தினப்புறம் நானே என்னைத் திட்டிக்க ஆரம்பிச்சேன். திட்டினா பதட்டம், பதட்டத்துல இன்னும் மறக்கும். தேங்க்ஸ் சொல்லணும்னா அது முன்னாடி கொஞ்சம் நிக்கணும் இல்ல? நிக்கறப்போ, அணைச்சிருக்கான்னு கண்ணு பாத்துடும். நாளும் நல்லபடியா ஆரம்பிக்குது."

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் சொன்னது இதுதான்: "படிச்சவர் நீங்க. மனசுக்குள்ள சொல்லிக்கலாமே."

அவர் யோசித்தார். "கரெக்ட் சார். தேங்க்ஸ்" என்று இறங்கிப் போனார்.

மறுநாளிலிருந்து மாடியில் சத்தமே இல்லை. பெருமையாக மனைவியிடம் சொன்னேன். "எனக்கு என்னமோ இப்பதான் பயமா இருக்கு" என்றாள்.

அந்த வாரமே ஒரு காலை, படிக்கட்டில் அந்த வாசனை வந்துவிட்டது. பல மாதம் நான் மூக்கை நீட்டித் தேடிய வாசனை. அவர் வீட்டு மாற்றுச் சாவி என் மனைவியிடம் இருந்தது. எந்த வீட்டிலும் யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம் என்று அவள் கீழே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்க, நான் மேலே ஏறினேன். பூட்டைத் திறந்தேன். உள்ளே பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. கேஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அடுப்பின் திருகை மூடி, ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வாசலுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

தாம்பரம் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றபோதுதான் அடுப்பில் பால் வைத்தது அவருக்கு உறைத்ததாம். ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்தார். திறந்திருந்த ஜன்னல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தேங்க்ஸ் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. படியில் உட்கார்ந்து உள்ளங்கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தண்டம். தண்டம். எல்லாரையும் கொன்னுருப்பேன் சார். இன்னிக்கே காலி பண்ணிடறேன்."

அது அவர் குரலே இல்லை. சின்ன வயதிலிருந்து அவரைத் திட்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து அவர் வாயால் பேசிய மாதிரி இருந்தது. கேஸ் வாசனைக்குப் பயந்ததைவிட அதற்கு அதிகம் பயந்தேன்.

ரயில் இன்ஜினில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னலைக் கண்ணால் பார்த்தால் போதாது. ஓட்டுநர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், உதவியாளர் திருப்பிச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன் என்று ஒரு உதவியாளர் சொல்லியிருந்தால் அவனை நான் வண்டியில் ஏற்றியிருக்க மாட்டேன். அப்பேர்ப்பட்ட நான்தான் இவர் வாயை அடைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாயை மூடச் சொன்னது நான். காலி பண்றதா இருந்தா நான்தான் பண்ணணும்."

மாலையில் சங்கக் கூட்டத்திலும் அதையே சொன்னேன். அவரை அனுப்பியே ஆக வேண்டும் என்றார்கள் சிலர். இங்கே பாலைப் பொங்கவிடாதவர்கள் கை தூக்குங்கள் என்றாள் என் மனைவி. கைகள் மடியிலேயே இருந்தன. அடுப்பு அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் அடுப்பை அவர் வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. மறுநாளே வாங்கினார்.

இப்போது மேலிருந்து "கேஸே, தேங்க்ஸ்" என்று வரும். நான் கீழ் பால்கனியிலிருந்து "கேஸ் ஆஃப்" என்பேன். நான் பதில் சொல்லாமல் அவர் குழாய்க்குப் போகமாட்டார். முன்பு ஒரு பைத்தியம், இப்போது இரண்டு என்று எதிர்வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம்.

என் பயம் போய்விட்டதா என்றால், இல்லை, வேறு பயமாகிவிட்டது. அவர் கல்லூரிக்குப் பக்கத்திலேயே குடிபோக வீடு பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் குரோம்பேட்டைக்குக் கிளம்பிப் போகிறார். மதியம் திரும்பி வந்து, "இன்னிக்கும் வீடு பாக்கல சார், வழியில ஒருத்தர் மிக்ஸி ரிப்பேர் பண்ணிட்டிருந்தார், பாத்துட்டே நின்னுட்டேன்" என்கிறார்.

அவர் வந்து அதைச் சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.