மகான் கை கழுவினார்

துறைமுகத்தில் அன்று கூடிய கூட்டத்தைப் பார்த்தால் ஏதோ புதுக் கப்பல் வந்திருக்கிறது என்று நினைப்பீர்கள். வந்திருந்தது சேறு. கப்பல் எண்ணெயும் சாயப்பட்டறைக் கழிவும் ஈயமும் காலங்காலமாக ஊறிய கறுப்புச் சேற்றைத் தூர்வாரிக் கரையில் குவித்திருந்தார்கள். பக்கத்தில் போனால் மூக்கு ராஜினாமா செய்துவிடும்.

ஆனாலும் கூட்டம் நகரவில்லை. அந்தச் சேற்றைச் சுத்தமாக்கக் கைவீச்சு மகான் வந்திருந்தாரே.

இப்படிப்பட்ட சேற்றை அப்படியே எங்கும் கொட்டக் கூடாது. மணலைக் கழுவிப் பிரித்து, நஞ்சு தங்கிய நைசான வண்டலைச் சிமெண்டில் குழைத்துக் கெட்டியாக்கி, கசியாத குழியில் புதைக்க வேண்டும். மாதக்கணக்கில் பிடிக்கும். மகானோ கையை வீசினால் போதும் என்றார். மேலிடத்தின் நச்சரிப்பில் தவித்த துறைமுக மேலாளருக்கு அது தேனாக இனித்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் கொட்டி, விளையாட்டு மைதானம் ஆக்கிவிடலாம். லாரிகள் தயாராக நின்றன. மேலாளரின் மனைவி முந்திக்கொண்டு, மகான் முதல் நாளே கைவீசிய குவியலிலிருந்து ஒரு சாக்கு அள்ளிப்போய்த் வீட்டுத் தொட்டியில் இருந்த தக்காளிச் செடிகளுக்குப் போட்டிருந்தார்.

மேலாளரின் தங்கை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவள் மகள் படிப்பதும் அந்தப் பள்ளியில்தான்.

மகான் ஒரு கண்ணாடி ஜாடியில் சேற்றுத் தண்ணீரை வாங்கினார். கண்ணை மூடினார். விரல்களை விட்டு ஒரு கலக்குக் கலக்கினார். கொஞ்ச நேரத்தில் கறுப்பு கீழே இறங்க, மேலே தண்ணீர் பளிங்காக நின்றது. கூட்டம் உருகிப்போனது.

"பாத்தியா? நீ என்னமோ மெஷின், சிமெண்டுன்னு சொன்னியே" என்றார் மேலாளர், பக்கத்தில் நின்ற தங்கையிடம்.

"பாத்தேன் அண்ணா. இன்னொரு தடவை செய்யச் சொல்லு. அதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்."

மகான் புன்னகைத்தார். "என் கையில அழுக்கே ஒட்டாதும்மா."

"அப்ப கழுவறதுல நஷ்டம் ஒண்ணும் இல்லையே."

"இப்ப நேரம் சரியில்ல."

"சீக்கிரம் கழுவுங்க சாமி, லாரி காத்துக்கிட்டு இருக்கு" என்றார் ஒரு லாரிக்காரர். பாவம், அவர் பக்தியோடுதான் சொன்னார்.

வேறு வழியில்லாமல் மகான் கழுவினார். நகக்கண்களிலிருந்து வெள்ளையாகப் பொடி உதிர்ந்து, கை கழுவும் பேசினில் விழுந்தது. அடுத்த ஜாடி வந்தது. கலக்கினார், கறுப்பாகவே இருந்தது. கண்ணை இன்னும் இறுக்கி மூடிக் கலக்கினார், அது மசியவில்லை.

"சந்தேகப்படறவங்க பக்கத்துல நின்னா சக்தி வேலை செய்யாது."

"போன தடவையும் இங்கதானே நின்னேன்" என்றாள் தங்கை.

கூட்டத்திலிருந்த முடிதிருத்துபவர் பேசினை எட்டிப் பார்த்தார். "அட, படிகாரம். சவரம் பண்ணி முடிச்சதும் தடவுவேனே, அதுதான்." தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். தங்கை அதைப் பொடித்து அந்தக் கறுப்பு ஜாடியில் போட்டுக் கலக்கினாள். கண்ணை மூடவில்லை. தண்ணீர் தெளிந்தது.

பிறகு மகானின் முதல் ஜாடியை எடுத்துக் குலுக்கினாள். பழைய கறுப்பு திரும்பி வந்தது.

"அழுக்கு எங்கயும் போகல அண்ணா, அடியில உக்காந்திருந்துச்சு. ஈயமும் அதுலதான் இருக்கு. இதுலதான் நம்ம பிள்ளைங்க விழுந்து புரண்டு விளையாடணுமா?"

மேலாளர் ஜாடியையே பார்த்தார். உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"தக்காளியைப் பறிக்காத. அந்த மண்ணைத் தொடாத, பசங்களையும் தொட விடாத."

"மகான் சுத்தம் பண்ணின மண்ணுங்க அது."

"மகான் கை கழுவிட்டாரு."

லாரிகள் காலியாகத் திரும்பின. மனைவி போட்ட மண்ணும் தொட்டியோடு துறைமுகத்துக்கே வந்தது. கழுவுவதும் பிரிப்பதும் கெட்டியாக்குவதுமாக அந்த வேலை மழைக்காலம் தாண்டியும் நடந்தது. யாரும் கைதட்டவில்லை, எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மகான் அன்றே நழுவப் பார்த்தார். அப்போதும் ஒருவர் பின்னாலேயே ஓடினார்: "சாமி, எங்க கிணத்தையும் ஒரு தடவை..."

அன்று கண்ணை மூடியிருந்தவர் மகான் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் கண் திறந்துதான் இருந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் மூளையையும் கொஞ்சம் திறந்து வைத்தால் என்ன, தேய்ந்தா போய்விடும்?