நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு போன்

முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக ஊரையே ஏற்றி இறக்கியவர், மகன் விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை. பேங்க் வேலையை விட்டுவிட்டுச் சமையல் படிக்கப் போகிறேன் என்றான் மகன். வாசப்படி மிதிக்காதே, போனும் பண்ணாதே என்றார் இவர். மூன்று வருஷமாக அவன் அந்தப் பேச்சைத் தட்டவில்லை. நீயும் பேசக்கூடாது என்று மனைவியிடமும் சொன்னார். அவள் தலையாட்டினாள். இவர் நம்பினார். கோபத்தில் தன் செல்போனில் மகன் நம்பரைத் தடுத்தும் வைத்தார். தடையை எடுக்கத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்க வெட்கம். மிச்சமிருந்தது வீட்டு போன் ஒன்றுதான்.

அந்தப் பழைய லைனை நிறுத்தப்போவதாகக் கடிதம் வந்தது. நம்பர் மாறாது, இனி பிராட்பேண்ட் ரவுட்டரில்தான் போனைச் செருக வேண்டும் என்றிருந்தது. அவருக்கு யோசனை ஓடியது. ரவுட்டரைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தால், சமையலறை வாசலில் இருக்கும் போனும் கூடவே வந்துவிடும். மகன் என்றாவது கூப்பிட்டால், மனைவி எடுக்கும் முன் தானே எடுத்துவிடலாம். கம்பெனி ஆள் பழைய இடத்திலேயே மாட்டிவிடுவான் என்று ரவுட்டரையும் தானே வாங்கினார்.

இன்டர்நெட் அன்றே வந்தது. போனில்தான் மூச்சுப் பேச்சில்லை. சொந்த ரவுட்டர் என்றால் போனுக்கான பெயர், பாஸ்வேர்டு எல்லாம் நாமே அடிக்க வேண்டுமாம். நாலு நாள் அடித்தார். இந்த நாலு நாளில் அவன் கூப்பிட்டிருந்தால்? அப்பா லைனையே வெட்டிவிட்டார் என்றல்லவா நினைப்பான்? ரிசீவரைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியது. தூசி என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து, அவரைத் தள்ளி உட்காரச் சொல்லி, பாஸ்வேர்டை அடித்தாள். டயல் டோன் கேட்டது.

"நீங்க 'ஓ'ன்னு அடிச்சீங்க. அது சைபராம்."

"யார் சொன்னா?"

"உங்க பையன்தான். பாஸ்வேர்டு சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வாரம் தவறாம என் செல்லுல பேசிட்டுத்தான் இருக்கோம். ஆறு மணிக்கு இதுல கூப்பிடச் சொல்லியிருக்கேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஐந்து மணிக்கே நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மணி அடித்ததும் எடுத்தார். மூன்று வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"லைன் தெளிவா கேக்குதா?" என்றார்.

"கேக்குதுப்பா."

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"அம்மாகிட்ட குடுங்கப்பா."

கொடுத்தார்.